மூன்றாம் நாளுக்குப் பிறகு தொடங்கும் வயிற்றுப்போக்கு

கேஸ் ஷீட்டில் 'லூஸ் மோஷன்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே ஓர் எண்ணையும் எழுதுங்கள்: குழந்தை வார்டுக்கு வந்து இது எத்தனையாவது நாள்? மலத்தின் நிறம், நாற்றம், சளி, ரத்தம் எல்லாவற்றையும் விட அந்த எண் அதிகம் சொல்லும். இரண்டாம் நாள் தொடங்கிய வயிற்றுப்போக்கைக் குழந்தை பெரும்பாலும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கும். ஐந்தாம் நாள் தொடங்கியது என்றால் அதைக் கொடுத்தது நம் வார்டு. அப்போது விசாரிக்க வேண்டியது குழந்தை வீட்டில் என்ன சாப்பிட்டது என்பதை அல்ல. இங்கே வந்த பிறகு அதற்கு நாம் என்ன மருந்து கொடுத்தோம், யார் பால் கரைத்தார், யார் டயப்பர் மாற்றினார் என்பதை.

சேர்த்து 72 மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அதை மருத்துவமனையில் தொற்றிய வயிற்றுப்போக்காகக் கொள்வது வழக்கம். சில இடங்களில் 48 மணி நேரக் கணக்கும் உண்டு. சால்மொனெல்லா உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 6 முதல் 72 மணி நேரம் ஆகும். ஷிகெல்லாவுக்கு ஒன்று முதல் மூன்று நாள். மூன்று நாள் எல்லை பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். ஆனால் அதைக் கல்லில் செதுக்கிய கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுப்போக்கோடு போன வாரம் டிஸ்சார்ஜ் ஆகி, இன்று வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்த குழந்தைக்கு நாள் கணக்கை முதல் சேர்க்கையிலிருந்தே பாருங்கள். தாய்ப்பால் குடிப்பது தவிர வெளியுலகத் தொடர்பே இல்லாத பச்சிளங்குழந்தைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அந்தக் குழந்தைக்குக் கிருமி வந்திருந்தால் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும், இல்லையேல் நம்மிடமிருந்து.

எல்லா இளகிய மலமும் தொற்று அல்ல. தொற்றல்லாத காரணங்களை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் பாக்டீரியாவுக்குப் போக வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளைக்கு ஏழெட்டு முறை மஞ்சளாகப் போவது இயல்பு. அமாக்சிசிலின்–கிளாவுலனேட் சிரப், எரித்ரோமைசின், சார்பிட்டால் கலந்த இனிப்பு சிரப்புகள், அடர்த்தியாகவும் வேகமாகவும் செலுத்திய டியூப் ஃபீட், மலமிளக்கிகள் ஆகியவையெல்லாம் எந்தக் கிருமியும் இல்லாமலே வயிற்றைக் கலக்கும். கிருமியாக இருந்தாலும் குழந்தைகள் வார்டில் அது வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; ரோட்டா, நோரோ இரண்டும் ஒரு வார்டையே ஓரிரு நாளில் சுற்றி வந்துவிடும். பாக்டீரியாவின் பங்கு எண்ணிக்கையில் சிறியது. ஆனாலும் அதற்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கக் காரணம் இருக்கிறது. உயிரிழப்பும், ரத்தத்தில் பரவும் தொற்றும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வார்டில் குடியேறுவதும் அதிகம் நடப்பது அந்தச் சிறு பங்கில்தான்.

ஆன்டிபயாடிக் திறந்துவிடும் கதவு

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவை 1935-இல் ஹால், ஓ'டூல் என்ற இருவர் முதலில் கண்டெடுத்தது ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்து. அது நோய்க்கிருமி என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1970-களில் கிளிண்டாமைசின் வாங்கிய நோயாளிகள் பலருக்குப் பெருங்குடலில் சவ்வு போல் படலம் படிந்து கடும் வயிற்றுப்போக்கு வந்தது. அதற்குக் காரணம் இந்தக் கிருமியின் நச்சு என்பது 1978-இல் உறுதியானது. முதலில் கண்ட இடம் நோயில்லாத குழந்தையின் குடல் என்ற செய்தியை மனத்தில் இருத்துங்கள். குழந்தைகள் மருத்துவத்தில் இந்தக் கிருமியைப் பற்றிய குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

குடலில் இயல்பாகக் குடியிருக்கும் எண்ணற்ற பாக்டீரியாக்கள் அங்குள்ள இடத்தையும் உணவையும் பங்கிட்டுக்கொண்டு, பித்த உப்புகளையும் மாற்றி, டிஃபிசிலின் வித்துகள் முளைக்க விடாமல் தடுக்கின்றன. செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கிளிண்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள், அமாக்சிசிலின்–கிளாவுலனேட் இவற்றில் ஏதாவது ஒன்று அந்தக் கூட்டத்தை அழித்துவிட்டால் வித்து முளைக்கிறது. முளைத்த கிருமி 'ஏ', 'பி' என்ற இரு நச்சுகளைச் சுரந்து பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. மருந்து நடக்கும்போதே இது வரலாம். மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, ஹிர்ஷ்ப்ரங் நோயுள்ள குழந்தை, வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்தப்படும் குழந்தை, வாரக்கணக்கில் ஒமெப்ரசோல் வாங்கும் குழந்தை ஆகியோரிடம் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

குழப்பம் எங்கே என்றால், ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 37 சதவீதம் பேரின் குடலிலும், ஒன்று முதல் ஆறு மாதம் வரை சுமார் 30 சதவீதம் பேரிடமும், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை சுமார் 14 சதவீதம் பேரிடமும் இந்தக் கிருமி எந்தத் தொல்லையும் கொடுக்காமல் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013-இல் தொகுத்துத் தந்த கணக்கு இது. மூன்று வயதாகும்போது பெரியவர்களின் அளவுக்கு, அதாவது மூன்று சதவீதத்துக்குள், இறங்கிவிடுகிறது. இளங்குடலின் செல்களில் இந்த நச்சு பற்றிக்கொள்ளும் இடங்கள் இன்னும் உருவாகியிருக்காது என்பது பரவலான விளக்கம். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பொருள்களும் காப்பாகின்றன. ஆகவே எட்டு மாதக் குழந்தையின் மலத்தை அனுப்பி 'டிஃபிசில் பாசிட்டிவ்' என்று பதில் வந்தால், அந்தக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக ஆகாது. ஒரு வயதுக்குள் இந்தச் சோதனையை வழக்கமாக அனுப்பாதீர்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை, வைரஸ் முதலிய மற்ற காரணங்களை விலக்கிய பிறகே அனுப்புங்கள். இரண்டு வயதுக்கு மேல், ஆன்டிபயாடிக் வாங்கியிருந்து வயிற்றுப்போக்கும் நீடித்தால் தயங்காமல் அனுப்பலாம். கெட்டியான மலத்தை எந்த வயதிலும் இதற்காக அனுப்ப வேண்டாம்.

சோதனை வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் பி.சி.ஆர். சோதனை, சும்மா குடியிருக்கும் கிருமியையும் பிடித்துக் காட்டும். நச்சு உண்மையில் சுரக்கிறதா என்பதைக் காட்டும் சோதனையும் சேர்ந்திருந்தால்தான் முடிவெடுக்க முடியும்.

நோய் உறுதியானால் முதல் சிகிச்சை, அதைத் தூண்டிய ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது. நிறுத்த முடியாத நிலை என்றால் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். தீவிரமில்லாத முதல் தாக்குதலுக்கு மெட்ரோனிடசோல் வாய்வழியாக, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி., நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை. அல்லது வேன்கோமைசின் வாய்வழியாக, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மி.கி., நாளைக்கு நான்கு வேளை. முன்னதற்கு ஒரு வேளை உச்ச அளவு 500 மி.கி., பின்னதற்கு 125 மி.கி. இரண்டுக்கும் பத்து நாள். தீவிரமாக இருந்தால் வேன்கோமைசின்தான். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: வேன்கோமைசினை நரம்பு ஊசியாகப் போட்டுவிட்டு, டிஃபிசிலுக்கு மருந்து நடக்கிறது என்று நம்பியிருப்பது. நரம்பில் போட்ட வேன்கோமைசின் பெருங்குடலின் உள்ளே போய்ச் சேர்வதில்லை. ஊசி மருந்துப் பொடியையே கரைத்து வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு லோபரமைடு கொடுத்துக் குடலின் அசைவை நிறுத்துவது ஆபத்து; நச்சு உள்ளேயே தங்கிவிடும். குணமான பிறகு 'நெகட்டிவ் ஆகிவிட்டதா' என்று திரும்பச் சோதிக்கவும் வேண்டாம். வாரக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும், அதைப் பார்த்து வீணாக இன்னொரு சுற்று மருந்து தொடங்கும்.

ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு திடீரென ரத்தம் கலந்து போகிறது, டிஃபிசில் சோதனை நெகட்டிவ் என்றால் கிளெப்சியெல்லா ஆக்ஸிடோகாவை நினையுங்கள். பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்குப் பிறகு வரும் அரிதான நிலை இது. மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும்.

சிசு வார்டுகளின் பழைய எதிரி

1940-களின் பிரிட்டனில் கைக்குழந்தைகளின் 'கோடைப் பேதி' மருத்துவமனை வார்டுகளையே கொள்ளை கொண்டுபோனது. வேறு எதற்கோ சேர்த்த குழந்தைக்குப் பக்கத்துத் தொட்டிலிலிருந்து பேதி ஒட்டும். சில நாளில் கண் குழிந்து, தோல் சுருங்கிப் போய்விடும். லண்டனை ஒட்டிய ஹில்லிங்டன் மருத்துவமனையில் ஜான் பிரே, நோயுற்ற குழந்தைகளின் மலத்தில் ஒரே வகை ஈ. கோலை திரும்பத் திரும்ப வளர்வதையும், நோயில்லாத குழந்தைகளிடம் அது அரிதாகவே இருப்பதையும் பார்த்து 1945-இல் வெளியிட்டார். எல்லோர் குடலிலும் சாதுவாக இருப்பது என்று கருதப்பட்ட ஈ. கோலையா குழந்தைகளைக் கொல்கிறது என்று பலர் நம்பத் தயங்கினார்கள். 1947-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் பரவிய பேதியில் நோயுற்ற கைக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். அங்கே ஜைல்ஸ், சாங்ஸ்டர் இருவரும் செய்த ஆய்வும் ஈ. கோலையையே சுட்டியது. பிறகு இந்த வகைகள் ஓ111, ஓ55 என்று எண்ணிடப்பட்டன. இவற்றை இன்று ஈபெக் என்ற சுருக்கப்பெயரால் அழைக்கிறோம்.

ஈபெக் குடலுக்குள் நச்சைக் கொட்டுவதில்லை. சிறுகுடலின் செல்மேல் ஒட்டிக்கொண்டு, உணவை உறிஞ்சும் நுண்விரல்களைத் தேய்த்து மழுக்கிவிடுகிறது. அதனால் ரத்தமில்லாத, தண்ணீரான வயிற்றுப்போக்கு, அதோடு வாந்தி, இலேசான காய்ச்சல்; இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்துக் குழந்தையின் எடையைக் கரைக்கும். ஆறு மாதத்துக்குள், அதிலும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளையே அதிகம் பிடிக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பாலிலேயே காப்பு இருக்கிறது. நம் நாட்டு ஆய்வகங்கள் பலவற்றில் சாதாரண கல்ச்சர் 'ஈ. கோலை வளர்ந்தது' என்றோ 'நோய்க்கிருமி இல்லை' என்றோ மட்டும் சொல்லும். எந்த வகை ஈ. கோலை என்று பிரித்துக் காட்டாது. ஆகவே கல்ச்சர் வெறுமையாக வந்ததை வைத்து ஈபெக் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிசு வார்டில் அடுத்தடுத்து மூன்று குழந்தைகளுக்குத் தண்ணீராகப் போகிறது என்றால், பெயர் தெரியாவிட்டாலும் அதைத் தொற்றாகவே நடத்துங்கள்.

இந்தக் கிருமியின் கதையில் இன்னொரு பாகம் உண்டு. 1967–68-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்ப்ரோவில் கைக்குழந்தைகளிடம் பரவிய குடல் தொற்றில், வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றுக்கும் ஈ. கோலை கட்டுப்படவில்லை. அந்த எதிர்ப்புத்திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்று ஈ. எஸ். ஆண்டர்சன் 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதற்கு எதிராக அவர் எழுப்பிய குரலும் சேர்ந்துதான் ஸ்வான் குழு அமையக் காரணமானது. மனித மருத்துவத்துக்குரிய ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று அந்தக் குழு 1969-இல் பரிந்துரைத்தது. ஒரு சிசு வார்டின் பேதியிலிருந்து ஒரு நாட்டின் சட்டம் வரை போன செய்தி இது. நம் வார்டில் காரணமின்றி எழுதப்படும் ஒவ்வொரு சிரப்பும் அந்தக் கைமாற்றத்துக்கு உதவுகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

சால்மொனெல்லா, ஷிகெல்லா

டைஃபாய்டு அல்லாத சால்மொனெல்லா சிசு வார்டுக்குள் வருவது பெரும்பாலும் ஒரு தாயோடு. பிரசவத்துக்கு முன் ஓரிரு நாள் வயிற்றுப்போக்கு இருந்த தாய். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழந்தைக்குத் தொற்றி, அங்கிருந்து உறிஞ்சு கருவி, மெத்தை, தெர்மாமீட்டர், கைகள் வழியே அடுத்த தொட்டிலுக்குப் போகிறது. உலர்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரசவ வார்டில் சேர்க்கும்போதே 'இந்த வாரம் வயிற்றால போச்சா?' என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வது செலவில்லாத தடுப்பு.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் சால்மொனெல்லா குடலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் ஏறி மூளையுறை வரை போகலாம். ஆகவே அந்த வயதில் சால்மொனெல்லா என்று தெரிந்தால் ரத்த கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். சோர்ந்திருந்தால் முதுகுத் தண்டு நீரும் பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தை, அரிவாள் செல் நோயுள்ள குழந்தை ஆகியோருக்கும் இதேதான். மற்றபடி நலமாக இருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சால்மொனெல்லா வயிற்றுப்போக்கு என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். அது நோயைச் சுருக்குவதில்லை. மலத்தில் கிருமி வெளியேறும் காலத்தை நீட்டவே செய்கிறது. சிகிச்சை இல்லாமலும் கைக்குழந்தைகள் மாதக்கணக்கில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதால் வயிற்றுப்போக்கு நின்றதும் கைகழுவலைத் தளர்த்திவிடக் கூடாது.

ஷிகெல்லா வேறு மாதிரி. பத்து முதல் நூறு கிருமிகள் போதும், நோய் வந்துவிடும். உணவோ நீரோ தேவையில்லை, ஒரு விரல் நுனி போதும். காய்ச்சல், வயிற்று வலி, சளியும் ரத்தமுமாகச் சிறிது சிறிதாகப் போவது, அதாவது சீதபேதி. இதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. கல்ச்சர் காட்டும் உணர்திறனைப் பார்த்து அசித்ரோமைசின் அல்லது செஃப்ட்ரியாக்சோன். மஞ்சள் காமாலையுள்ள அல்லது நரம்பில் கால்சியம் போகும் பச்சிளங்குழந்தைக்கு மட்டும் செஃப்ட்ரியாக்சோன் கூடாது, அங்கே செஃபோடாக்சிம்.

ரத்தமாகப் போகிறது, காய்ச்சல் இல்லை, சிறுநீர் குறைந்து குழந்தை வெளிறுகிறது என்றால் ஷிகா நச்சுள்ள ஈ. கோலையை நினைத்து, ஆன்டிபயாடிக் எழுதும் முன் சிறுநீரகச் சோதனையும் ரத்தத் தட்டணுக்களும் பாருங்கள்.

பால் கரைக்கும் இடம்

வார்டு ரவுண்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது நோயாளியை அல்ல, பால் கரைக்கும் மேசையை. ஈரமான டயப்பரை எடைபோடும் தராசு அதே மேசையில் இருக்கிறதா? கரைத்த பால் அடுத்த வேளைக்கு என்று மூடி வைத்திருக்கிறதா? டயப்பர் மாற்றிய அதே செவிலியர் அதே ஷிஃப்டில் பாலும் கரைக்கிறாரா? இந்த மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் தொற்று வரும் வழி திறந்தேயிருக்கிறது.

பால் பவுடர் டின் கிருமியற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. க்ரோனோபாக்டர் சகசாகி, சால்மொனெல்லா இரண்டும் உலர்ந்த பவுடரிலேயே உயிரோடு இருக்கக்கூடியவை. க்ரோனோபாக்டர் வயிற்றுப்போக்கை விட ரத்தத் தொற்றையும் மூளையுறைத் தொற்றையும் உண்டாக்குவது. குறைமாதக் குழந்தைக்கு உயிர்க்கொல்லி. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2007-இல் வெளியிட்ட வழிமுறை தெளிவானது: 70 டிகிரிக்குக் குறையாத சூடுள்ள நீரில் பவுடரைக் கரைக்க வேண்டும். கொதிக்கவைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டால் அந்தச் சூடு போய்விடும். கரைத்த பாலை உடனே ஓடும் நீரில் ஆற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கரைப்பது எளிது, கட்டி தட்டாது, உடனே கொடுக்கலாம். ஆனால் கிருமிக்கு அதைவிட வசதியான சூடு வேறில்லை.

தாய்ப்பால் கிடைக்கும் குழந்தைக்கு இந்த மேசையே தேவையில்லை. தாய் வேறு மருத்துவமனையில் இருக்கிறார், குழந்தை இங்கே இருக்கிறது என்றாலும், கறந்து கொண்டுவந்த பாலுக்கு முயலாமல் டின்னைத் திறக்காதீர்கள். புட்டிக்குப் பதில் பாலாடை பயன்படுத்துங்கள். நம் பாட்டிமார் கையில் இருந்த அந்த மூக்குள்ள சிறு கிண்ணம் இன்று நம் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இடம் பிடித்திருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: புட்டியின் காம்பு, திருகு, மூலை போல அழுக்கு ஒளிந்துகொள்ளும் இடம் அதில் இல்லை, சோப்பால் கழுவிக் கொதிக்கவைத்தால் முடிந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு பாலாடை. பக்கத்துத் தொட்டிலுக்குக் கைமாறக் கூடாது.

மலம் எடுப்பது, அனுப்புவது

டயப்பர் உறிஞ்சிய மலத்தைச் சுரண்டி அனுப்பினால் பயனில்லை. டயப்பரின் உள்பக்கத்தைப் புரட்டிப் பிளாஸ்டிக் பக்கம் குழந்தையைத் தொடும்படி கட்டிவிட்டு, அதில் தேங்கியதை எடுங்கள். சளியோ ரத்தமோ இருந்தால் அந்தப் பகுதியை எடுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுப்பது நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஷிகெல்லா காத்திருக்காது, இறந்துவிடும். தாமதமாகும் என்று தெரிந்தால் கேரி–ப்ளேர் ஊடகத்தில் போடுங்கள். சீட்டில் வயது, சேர்த்த நாள், வயிற்றுப்போக்கு தொடங்கிய நாள், வாங்கிய ஆன்டிபயாடிக் நான்கையும் எழுதுங்கள். அந்த நான்கும் இல்லாத சீட்டைப் பார்த்து ஆய்வகத்தார் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

பெரிய மருத்துவமனைகளில் மூன்று நாளுக்கு மேல் தங்கிய நோயாளியின் மலத்தில் சால்மொனெல்லா, ஷிகெல்லா கல்ச்சரை வழக்கமாக மறுக்கும் விதி உண்டு. 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுக்குப் பிறகு பரவிய விதி அது. அங்கே அந்தக் கல்ச்சர்கள் அரிதாகவே பலன் தந்தன. நம் சிசு வார்டுகளுக்கு அதை அப்படியே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. சமையலறையும் பால் மேசையும் உறவினர் கூட்டமும் வேறாக உள்ள இடத்தில் உருவான விதி நமக்குப் பொருந்தாது. பெரிய குழந்தைக்கு, ஒற்றை நோயாளிக்கு அந்த விதியை ஏற்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும், ஒரே வாரத்தில் இரண்டாவது குழந்தைக்கு வந்தாலும், கல்ச்சர் அனுப்பியே ஆக வேண்டும்.

மருந்தில் செய்ய வேண்டியதும் வேண்டாததும்

நீரிழப்பைச் சரிசெய்வதுதான் சிகிச்சையின் உடல். முறையும் அளவும் சென்ற அத்தியாயத்தில் விரிவாக உள்ளன. மருத்துவமனையில் வந்த வயிற்றுப்போக்கு என்பதற்காக அதில் எதுவும் மாறாது: ஓ.ஆர்.எஸ்., தாய்ப்பாலும் உணவும் நிறுத்தாமல், ஆறு மாதத்துக்குள் என்றால் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. துத்தநாகம், 10 முதல் 14 நாள். டிரிப் ஏற்கெனவே ஓடுகிறது என்பதால் ஓ.ஆர்.எஸ். வேண்டாம் என்று விட்டுவிடுவது வார்டில் நடக்கும் தவறு.

'மருந்துச் சூட்டுல போகுது', 'சீர் தட்டியிருக்கு' என்று அம்மாக்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். முதலாவதில் பாதி உண்மை உண்டு: எந்த மருந்து தொடங்கிய பிறகு போகத் தொடங்கியது என்பதை அவர்தான் நாள் சொல்லிக் காட்டுவார்.

செய்யக் கூடாதது, ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் போன்ற கலவை சிரப்பை 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதுவது. வைரஸாக இருந்தால் அது பயனற்றது, சால்மொனெல்லாவாக இருந்தால் வெளியேற்றத்தை நீட்டும், டிஃபிசிலுக்கு வழி திறந்துவிடும். மருத்துவமனை வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்துச் சீட்டு பெரும்பாலும் ஒரு மருந்தை நிறுத்தும் சீட்டாகவே இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டைப் புரட்டி, நிமோனியாவுக்கு ஐந்து நாள் என்று தொடங்கிய செஃப்ட்ரியாக்சோன் எட்டாம் நாளும் ஓடுகிறதா, ரத்த கல்ச்சர் நெகட்டிவ் வந்தும் தொடர்கிறதா, ரனிடிடினோ ஒமெப்ரசோலோ காரணமில்லாமல் நடக்கிறதா என்று பாருங்கள். வயிற்று அமிலம் கிருமிக்கு முதல் தடை. அதைத் தேவையின்றி அணைத்துவிட்டு வாசலைக் காவல் இன்றி விடாதீர்கள்.

ஈஸ்ட் வகை புரோபயாடிக் பாக்கெட்டுகள் பற்றி ஓர் எச்சரிக்கை. மத்திய சிரைக் குழாய் உள்ள குழந்தையின் படுக்கையருகே அந்தப் பாக்கெட்டைப் பிரித்தால் பறக்கும் தூளே குழாயில் ஒட்டி ரத்தத்தில் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கியிருக்கிறது. குறைமாதக் குழந்தைகள், தீவிர சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய் வார்டு மூன்றிலும் அதை ஒதுக்குங்கள்.

கையும் ப்ளீச்சிங் பவுடரும்

கட்டிலருகே தொங்கும் ஆல்கஹால் புட்டி சால்மொனெல்லாவையும் ஷிகெல்லாவையும் ஈ. கோலையையும் நன்றாகவே கொல்லும். டிஃபிசிலின் வித்துகளை ஒன்றும் செய்யாது. டிஃபிசில் உள்ள குழந்தையைத் தொட்டால் கையுறை, பிறகு சோப்பும் ஓடும் நீரும். வித்து சாவதில்லை, கழுவிப் போகிறது. குழாய் வெகுதூரத்தில் இருக்கும் வார்டில் இது நடக்காது. கைகழுவும் தொட்டி பழுதடைந்திருந்தால் அதை நோய்த்தடுப்புக் குறையாகவே எழுதிக் கொடுங்கள். கட்டடப் பராமரிப்புக் கோரிக்கையாக எழுதினால் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

தரை, கட்டில் கம்பி, தொட்டில், கழிப்பறைக் குழாய்ப்பிடி ஆகியவற்றுக்கு 0.5 சதவீத குளோரின் கரைசல் வேண்டும். 30 சதவீத குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்குச் சுமார் 17 கிராம்; 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்று கலக்க வேண்டும். மூட்டை பிரித்து மாதங்கள் ஆன, வாசனை போன பவுடரில் குளோரின் இருக்காது. மலத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் மலத்தோடு வினைபுரிந்து வீணாகும். முதலில் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவி, பிறகு கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். உலோகப் பகுதிகளைப் பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தால் துருப்பிடிக்காது. அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு சேர்த்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும்.

அந்தக் குழந்தைக்குத் தனி ஸ்டெதாஸ்கோப், தனி தெர்மாமீட்டர், அளப்பது அக்குளில். மலவாயில் வைக்கும் மின்னணுத் தெர்மாமீட்டர்கள் டிஃபிசிலைப் படுக்கை படுக்கையாகக் கொண்டுபோன வரலாறு உண்டு. துணிப் பொம்மைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். டயப்பரைக் கட்டிலிலேயே மாற்றி, மஞ்சள் பையில் போட்டு, அங்கேயே பையைக் கட்டுங்கள். தனி அறை இல்லாத வார்டில் மூலைக் கட்டிலும், அங்கே வேலை பார்க்க ஒரே செவிலியரும். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் வரை. உடனிருக்கும் பாட்டிக்கும் அம்மாவுக்கும் கைகழுவலைச் சொல்லிக் காட்டுங்கள், சுவரொட்டியை நம்பாதீர்கள். அவர்கள்தான் பக்கத்துக் குழந்தையை மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சுபவர்கள், அந்த அன்பை நாம் தடுக்க முடியாது. தூக்கும் முன் கை கழுவச் சொல்லலாம். வயிற்றுப்போக்குள்ள ஊழியரை, சமையல்காரர் உட்பட, நின்று இரண்டு நாள் வரை வேலைக்கு வரச் சொல்லாதீர்கள். சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் அவர் சொல்லவே மாட்டார், ஆகவே அந்தப் பயத்தை முதலில் நீக்குவது நிர்வாகத்தின் கடமை.

இரண்டாவது குழந்தை

ஒரே வார்டில், ஒரே வாரத்தில், சேர்த்து மூன்று நாள் கழித்து இரண்டாவது குழந்தைக்கும் தொடங்கினால் கல்ச்சர் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஒரு தாளில் கட்டில் எண், வயது, சேர்த்த நாள், தொடங்கிய நாள், உணவு வகை, ஆன்டிபயாடிக், அந்த நாட்களில் பார்த்த செவிலியர் ஆகியவற்றைக் கோடு போட்டு எழுதுங்கள். பக்கத்தில் வார்டின் வரைபடம். பெரும்பாலும் அந்தத் தாளே வழியைக் காட்டிவிடும்: எல்லோரும் டியூப் ஃபீட் வாங்கியவர்கள், அல்லது எல்லோரும் ஒரே குளியல் தொட்டியில் குளிப்பாட்டப்பட்டவர்கள், அல்லது எல்லோருக்கும் ஒரே இரவு ஷிஃப்ட். செவிலியரின் பெயரை எழுதுவது குற்றம் சுமத்த அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையேல் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சிசு வார்டில் மூன்று பேர் ஆகிவிட்டால் புதுச் சேர்க்கையை நிறுத்தி, நோயுற்றவர்கள், தொடர்பில் இருந்தவர்கள், புதியவர்கள் என மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவின் ஊழியர் இன்னொன்றுக்குப் போகாமல் பாருங்கள். கடைசித் தொடர்புக் குழந்தையும் வீடு சென்று, வார்டு முழுவதும் கழுவிய பிறகே திறக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில், என்ன கிருமி, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்று எழுதுங்கள். இன்னும் மூன்று மாதத்துக்குள் திரும்ப வயிற்றுப்போக்கு வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் இந்தச் சீட்டைக் காட்டும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். சால்மொனெல்லா என்றால் டயப்பர் மாற்றிய பின்னும் சமைக்கும் முன்னும் சோப்பால் கைகழுவுவது மாதக்கணக்கில் தொடர வேண்டும், வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருந்தால் அதற்குப் பால் கொடுக்கும் பாத்திரம் தனியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.